நோ டாக்ஸ், சார்

அன்று கரும்பு ஆபீஸ் தாழ்வாரத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஆலைத் துரை. அவருடைய ஹெட் கிளார்க். மூலை பெஞ்சில் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு மோர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர். நான். என் தங்கை புருஷன் மாயவன். எங்கே போனாலும் முதலில் தலையை எண்ணுவது என் வழக்கம். பயந்தவன் வழக்கம்.

இருந்தது ஒரே வேலை. அதைக் கேட்டு வந்தவர்கள் நாங்கள் இருவர். ஆலை கொடுக்கும் வெட்டுச் சீட்டைச் சைக்கிளில் எடுத்துப் போய்க் கரும்புக் கொல்லைகளில் கொடுக்க வேண்டும். சீட்டு வந்தால்தான் வெட்டலாம். மாதம் பன்னிரண்டு ரூபாய். சைக்கிள் நம்முடையதாக இருக்க வேண்டும். துரை இங்கிலீஷில் கேட்பதற்கு இங்கிலீஷிலேயே பதில் சொல்ல வேண்டும்.

நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நின்றவன். வில்லியனூர் சைக்கிள் கடையில் வேலை செய்ததில் ஹப், ஸ்போக், பிரீவீல் என்று வாயில் ஒட்டியதுதான் என் இங்கிலீஷ். மாயவனுக்கு அதுவும் இல்லை. குருவிநத்தத்தில் அவர் நிலத்தை ஆற்று வெள்ளம் மணல் மேடாக்கிவிட்டிருந்தது. கறவை மாட்டை நாற்பத்தெட்டு ரூபாய்க்கு விற்று, அந்தப் பணத்தில் புதுச்சேரியில் சைக்கிள் வாங்கினார். யோசனை சொன்னது நான். குழந்தைக்குப் பால் இல்லாமல் போகுமே என்று தங்கை அழுதாள். "வேல கெடச்சா ரெண்டு மாடா வாங்கிக் கட்டறேன், சும்மா இருடி" என்றார்.

ஒரு மாதம் தினமும் பாடம் சொல்லிக் கொடுத்தேன். துரை எதைக் கேட்பாரோ என்ற கவலையில் நாற்பது கேள்வி தயார் செய்தேன். விலையைக் கேட்டால் என்ன சொல்வது? பிரெஞ்சு எல்லைக்குள் சைக்கிளுக்கு வரி கிடையாது, விலை மலிவு. அது எங்கள் பக்கத்துப் பெருமை. "சீப், சார். நோ டாக்ஸ், சார்" என்று மனப்பாடம் செய்ய வைத்தேன்.

ஆற்றைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன் சீமை. ஆலை அங்கேதான். சாலை வழியாகப் போனால் சுங்கச் சாவடி. அங்கே சைக்கிளைக் காட்டி, வரிக்கு ஈடாக டெபாசிட் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். குருவிநத்தத்தார் யாரும் சாவடிப் பக்கம் போவதில்லை. அக்கரையில் நிலம், அக்கரையில் சம்பந்தி. வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் இறங்கிவிடுவார்கள். அன்று நாங்களும் அப்படித்தான் போனோம். என்னுடையது முதலாளி தவணைக்குக் கொடுத்த பழைய கடை வண்டி. அடிக்கடி கடலூர் போய்வருவதால் அதற்குச் சீட்டு இருந்தது.

தாழ்வார ஓரத்தில் காத்திருந்தபோது மாயவன் கேட்டார்: "மச்சான், அங்க குந்தினு மோர் குடிக்கிறாரே, அவரு யாரு?"

எனக்குத் தெரியும். சுங்கத்து இன்ஸ்பெக்டர். சாவடியில் இரண்டு முறை என் வண்டியைப் புரட்டிப் பார்த்தவர். சொன்னால் மாப்பிள்ளை நடுங்கிப்போய்ப் பாடத்தை மறந்துவிடுவார் என்று நினைத்தேன். வேலை ஒன்றுதான் என்பதும் அப்போது நினைவில் இருந்ததா என்றால், இருந்தது.

"எவனோ குமாஸ்தா, மாப்ள. நீ துரைய மட்டும் பாரு."

மாயவனை முதலில் கூப்பிட்டார்கள். துரை வண்டியைத் தட்டிக் காட்டிக் கேட்டார்.

"வாட் இஸ் திஸ்?"

"செயின், சார்."

"இஃப் இட் பிரேக்ஸ்?"

"லிங்க் ரிமூவ், சார். ஜாயின், சார். கோ, சார்."

துரை சிரித்தார். ஹெட் கிளார்க்கும் சிரித்தார். "பரவால்லியே, ஏரு ஓட்டுற கையி இங்கிலீஷ் ஓட்டுதே" என்றார். மாயவனுக்கு முகமெல்லாம் வெளிச்சம். துரை புது வண்டியின் ஹேண்டில் பாரைத் தடவிக்கொண்டே விலை கேட்டார்.

"ஃபார்ட்டி எயிட், சார். பாண்டிச்சேரி, சார்."

"சோ சீப்?"

"நோ டாக்ஸ், சார்!"

தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார். மோர்த் தம்ளர் பெஞ்சில் இறங்கிய ஓசை எனக்குக் கேட்டது.

"சீட்டு எங்கய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர், தலைப்பாகையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டே.

"இன்னா சீட்டு, சாமி?"

மாயவன் திரும்பி என்னைப் பார்த்தார். நாற்பது கேள்வியில் இது இல்லையே என்று தேடுகிற பார்வை.

வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள். மீட்க வேண்டுமானால் வரியும் அதற்கு மேல் அபராதமும் கட்ட வேண்டும். மாடு விற்றவரிடம் ஏது? அவர் வெறுந்தோளோடு ஆற்றில் இறங்கி நடந்தார். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்கும் செயின் கேள்விதான். பிறகு சீட்டை நீட்டி, "டெபாசிட் பெய்ட், சார்" என்றேன். வேலை கிடைத்தது. இருபத்தாறு வருஷம் பார்த்தேன்.

அடுத்த தை மாதம் பாகூர்ப் பக்கம் ஒரு கொல்லைக்குச் சீட்டு எடுத்துப் போனேன். கூலிக்குக் கரும்பு வெட்ட நின்றவர்களில் மாயவனும் இருந்தார். மேஸ்திரி வெளியே போயிருந்ததால் அவரே அரிவாளைக் கீழே போட்டுவிட்டுக் கைநீட்டினார்.

"சீட்டக் குடுங்க, சார்."

அதற்குப் பிறகு அவர் என்னை மச்சான் என்று கூப்பிடவே இல்லை, சாகிறவரை.

இப்போது நேர்முகத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கேள்வி கேட்பவரை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள். தெரிந்தால், கூட வந்தவருக்கும் சொல்லிவிடுங்கள்.

தங்கை வீட்டுக்கு மூன்று முறை பணம் எடுத்துப் போனேன். மூன்று முறையும் வாசலிலேயே நிற்கவைத்துத் திருப்பி அனுப்பினாள். பாக்கி அப்படியே இருக்கிறது. நாற்பத்தெட்டு ரூபாய்.