டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் எங்கள் கட்டடக்கலைக் கல்லூரியும் சேர்ந்து, செல்வி அக்காவின் வீட்டு மனையை மிராசுதாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டன. எழுதிய கை என்னுடையது. போன மாதம் குத்தாலம் பக்கம் போய் வந்தது அதனால்தான்.

பதினொரு வருடங்களாக ஒவ்வொரு ஜனவரியும் அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் பதினைந்து பேர் வருவார்கள். கும்பகோணத்தில் தங்கி, காலையில் தாராசுரம் கோயில் தூண்களை வரைவார்கள். மதியம் கிராமத்து வீடுகளை அளப்பார்கள். நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது, விவசாயக் கூலிகள் வாழும் இருபத்தாறு வீட்டுத் தெரு ஒன்றை அவர்களோடு சேர்ந்து அளந்தேன். அது வழவழப்பான தாளில் புத்தகமாக வந்தது. அதில் என் பெயரைக் காட்டித்தான் சென்னையில் வேலை வாங்கினேன்.

இனி பயணம். அதிகாலை 5.40க்கு ரயில் கும்பகோணத்தில் இறக்கிவிட்டது. பேருந்து நிலையத்தில் மயிலாடுதுறை வண்டி. குத்தாலத்துக்கு 25 ரூபாய், ஒரு மணி நேரம். சாலையின் இருபுறமும் சம்பா நடவு. குத்தாலத்திலிருந்து ஊர் ஆறு கிலோமீட்டர், ஆட்டோ 150 ரூபாய்.

"அந்தத் தெருவுக்கா? பட்டா விசாரணை நடக்குதே. நீங்க ஆபீஸா, பார்ட்டியா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர்.

"ரெண்டும் இல்லங்க."

"அப்ப சும்மாவா நூத்தம்பது ரூவா குடுத்து வர்றீங்க?"

கூலிக்காரர் குடியிருக்கும் மனை அவருக்கே சொந்தம் என்று கழக ஆட்சியில் சட்டம் வந்து இரண்டு தலைமுறை ஆகிறது. அதை மேடையில் சொல்லாத தலைவர் கிடையாது. இந்தத் தெருவுக்கு மட்டும் பட்டா வரவில்லை. ஊரார் பெரியவீடு என்று சொல்லும் மிராசுதார் குடும்பம் வேட்டியின் கரையை மாற்றிக்கொண்டது, நிலத்தை விடவில்லை. இப்போது அந்த வீட்டுப் பேரன் இடத்தைப் பிளாட் போட்டு விற்கப் பார்க்கிறார். தெருக்காரர்கள் பட்டா கேட்டு மனு கொடுத்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் தாலுகா ஆபீஸில் எங்கள் புத்தகத்தைத் தாக்கல் செய்துவிட்டார். ஒவ்வொரு வீட்டின் வரைபடத்துக்கும் கீழே ஒரு வரி இருக்கிறது: 'மனை உரிமையாளர்: பெரியவீடு. தகவல்: குடியிருப்போர்.'

செல்வி அக்காவுக்கு நாற்பது வயது. நடவு வேலை. தெருவில் ஏழாவது வீடு அவருடையது. மதியம் இரண்டரைக்கு வயலிலிருந்து வந்து, காலில் சேற்றைக் கழுவிக்கொண்டே பேசினார்.

"புக்கு பாத்தேன் தம்பி. வூடு அழகாத்தான் இருக்கு. ஒழுவுறத மட்டும் வரையாம வுட்டுட்டீங்க."

"அன்னைக்கு பெரியவீட்டு மனைன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?"

"பெரியவீட்டுக் காரியக்காரரு வாசப்படியில டேப்பப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. மறுநா அறுப்புக்கு ஆளு எடுக்குறவரும் அவருதான். அவரு மூஞ்சிக்கு நேரா என் மனைன்னு சொல்லணுமா? அத்தன பேரு படிச்சவங்க வந்தீங்க. அவர செத்த அந்தாண்ட போங்கன்னு சொல்ல ஒருத்தருக்கும் தோணல?"

தோன்றவில்லை. தெருவை அளக்கப் பெரியவீட்டில்தான் அனுமதி வாங்கினோம். மதியச் சாப்பாடும் அங்கேதான், தலைவாழை இலையில். சாப்பிட்டு எழுந்ததும் அவர்கள் நிலபுலனைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரரையே துணைக்கு அனுப்பினார்கள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டோம். படிவத்தில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். இருபத்தாறு வீட்டிலும் நான்தான் கேட்டேன். இருபத்தாறு பேரும் முதலில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்கள். அது எனக்கு அப்போதே தெரிந்தது. எழுதிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "அந்த வெள்ளக்காரப் பொண்ணு என் ஆட்டுக்கொட்டாய அரை மணி நேரம் அளந்துச்சி. ஆட்டையும் அய்யா பேருலயே எழுதிட்டீங்களா?" செல்வி அக்கா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

நான்கு மணிக்குச் செல்வி அக்காவோடு தாலுகா ஆபீஸ் போய் நடந்ததைச் சொன்னேன். அதிகாரி பொறுமையாகவே கேட்டார். "நீங்க சொல்றது நெசமாவே இருக்கலாம். ஆனா புக்கு போட்டவங்க லெட்டர் தரணும். வாயால சொல்றத நான் ஃபைல்ல வைக்க முடியாதுங்க."

வாசலுக்கு வந்து கல்லூரித் துறைத்தலைவருக்கு போன் செய்தேன். "பதினொரு வருஷத்து உறவுப்பா. ஜனவரியில பசங்க வர்றாங்க. இப்போ போய் இதையெல்லாம் கிளப்பாதே" என்றார்.

"என்ன தம்பி சொல்றாங்க?" என்று கேட்டார் அக்கா. "பாக்கலாம்னு சொல்றாங்க" என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அந்தப் பக்கம் அளக்கப் போகும் மாணவர்களுக்கு: கும்பகோணம் ரயிலடியில் 900 ரூபாய்க்கு நல்ல அறை கிடைக்கும். மயிலாடுதுறை பேருந்துக்கு அதிகம் காத்திருக்க வேண்டாம். சாப்பாட்டைக் கையில் கொண்டுபோங்கள், பெரியவீட்டில் உட்காராதீர்கள். நிலம் யாருடையது என்று கேட்பதற்கு முன் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பாருங்கள். தெரியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். மதிப்பெண் குறைந்தால் குறையட்டும்.

பல்கலைக்கழகத்துக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பதில் இல்லை. விசாரணை வரும் இருபத்திரண்டாம் தேதி. அங்கே படிக்கும் தமிழ் மாணவர் யாராவது இதைப் படித்தால், உங்கள் பேராசிரியருக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்: அந்த இருபத்தாறு வரிகளும் நிலக்காரரின் ஆளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்டு எழுதியவை, உரிமைக்குச் சான்று ஆகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாலுகா ஆபீஸுக்கு அனுப்புங்கள்.