கம்பியில்லாத சுவிட்ச்

எத்தனை முறை மாற்றினால் ஒரு பொருள் வேறு பொருளாகிவிடும்? ரேடியோ பழுதுபார்த்தே தலை நரைத்த அக்காவிடம் இந்தக் கேள்வி தம்பியின் பழைய பேஸ் கிட்டாராக வந்தது. பதினேழு வயதில் அவன் அதைக் குடைந்து, மூன்று தடவை பெயின்ட் அடித்து, மின்கம்பியே இணைக்காத சுவிட்ச் ஒன்றையும் பொருத்தி, “இதைப் போட்டா சத்தம் இனிக்கும்” என்று சத்தியம் செய்தவன்.

ஞாயிறன்று அவனுடைய பழைய இசைக்குழு மறுபடி கூடுகிறது. அதற்குள் கிட்டார் பழைய உருவுக்குத் திரும்பவேண்டும். அக்கா பெயின்டைச் சுரண்டினாள், ஓட்டைகளை மரத்தால் அடைத்தாள், தந்தியின் அதிர்வைப் பிடிக்கும், அறுந்துபோன காந்தச்சுருளைப் புதிதாகச் சுற்றினாள்.

சனிக்கிழமை தம்பி வாசித்தான். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

“அக்கா, பேசுதுக்கா!”

“உன்னை மாதிரி உளறாம இருந்தா சரிடா.”

சிரித்தவன் கண்ணில் அந்தச் சுவிட்ச் பட்டது. துடைத்துப் பளபளவென்று, இப்போதும் கம்பியில்லாமல், அங்கேயே இருந்தது.

“இதை மட்டும் ஏன்க்கா எடுக்கலை?”

“அதை எடுத்தா சத்தம் இனிக்காதேடா” என்றபடி அக்கா அடுத்த ரேடியோவைத் திறந்தாள்.