ட்ராம் ஓட்டுகிறவளின் முகம்

முதல் தாள் அச்சு இயந்திரத்திலிருந்து வெளியே வந்தபோது அவளுக்குக் கண் இருந்தது, பல் இருந்தது, முகம் இல்லை. ஜெர்மனியின் கொலோன் நகரில் ட்ராம் ஓட்டும் ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றிய படக்கதை அது. நெருக்கமான மெல்லிய கோடுகளால் வரைந்திருந்த கன்னமும் மூக்கும் மையில் ஊறி ஒரே கறுப்பாகிவிட்டன.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் நான் இங்கே ஒரு சின்ன அச்சகத்தில் வேலை செய்தேன். வரைந்தவர், கானா நாட்டுத் தகப்பனுக்கும் ஜெர்மன் தாய்க்கும் இந்த ஊரிலேயே பிறந்தவர். பின்னேரங்களில் இளைஞர் நிலையத்தில் பிள்ளைகளுக்குப் படக்கதை வரையக் கற்றுக்கொடுத்தார். அதனால் எனக்கு அவர் மாஸ்டர். ஒரு பதிப்பகமும் எடுக்காத தன் முதல் புத்தகத்தைத் தானே அச்சிட வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை புத்தகச் சந்தையில் அவருக்கு ஒரு மேசை கிடைத்திருந்தது. அதற்குள் முடியாவிட்டால் வெறும் மேசைதான்.

அவர் வகுப்புக்குப் போன நேரம் பார்த்து நான் ஓர் உதவி செய்தேன். இன்றைக்கும் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் ஊர் ஸ்டூடியோக்களில் கலியாணப் பெண்ணின் படத்தை வெளிற வைத்துத்தான் கொடுப்பார்கள்; கேட்காமலே செய்யும் மரியாதை அது. அதே பழக்கத்தில் நானும் கணினியில் அவள் முகத்தை வெளிற வைத்து, புதுத் தாளை மாஸ்டரிடம் நீட்டினேன். மூக்கும் கன்னமும் துலக்கமாகத் தெரிந்தன. அவர் வெகுநேரம் பார்த்தார். கோபப்படவில்லை. "இது யார்?" என்று மட்டும் கேட்டார். தாளைப் பிடித்திருந்த என் கை அவளைவிடக் கறுப்பாக இருந்தது.

பிறகு இரண்டு நாள் மல்லுக்கட்டினோம். அவர் கன்னக் கோடுகளைச் சற்று விலக்கி வரைந்தார். நான் மையைக் குறைத்து, மை குடிக்காத வழுவழுப்பான தாளுக்கு மாறினேன். "வீட்டுக்கு வாற எண்ணம் இருக்கோ, இல்லையோ?" என்று மனைவி போனில் கேட்டாள். "அவளுக்கு முகம் வந்த உடன வாறன்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். சனிக்கிழமை மத்தியானம் ட்ராம் ஓட்டுகிறவள் கறுப்பாகவே, முழு முகத்தோடு வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்று மாஸ்டரின் புத்தகங்கள் நகர நூலகத்தில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. எல்லாம் அவரே வெளியிட்டவை, எல்லாம் நான் அச்சடித்தவை. அவரிடம் படித்த சிலரும் இப்போது வரைகிறார்கள். பெருமையாக இருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது.

வேறு மாதிரியும் நடந்திருக்கலாம். அந்தச் சந்தையில் ஒரு பதிப்பாளர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, தாமே வெளியிடுவதாகச் சொன்னார். அட்டையில் மட்டும் முகத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்க வேண்டுமாம். மாஸ்டர் எத்தனையோ வருடம் காத்திருந்த வாய்ப்பு. ஒப்புக்கொண்டிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அவரோ புத்தகத்தைப் பணிவாகத் திருப்பி வாங்கி, பின்னால் பெட்டி பிரித்துக்கொண்டிருந்த என்னைக் காட்டினார்.

"மன்னியுங்கள். இவர்தான் என் அச்சுக்காரர். இவருக்கு முகங்களை வெளிற வைக்கத் தெரியாது."

தெரியாதுதான் என்று நானும் தலையாட்டினேன்.