மூதூரில் கிடைத்த எங்கள் தோட்டத்துப் பை

பகல் சாப்பாட்டு நேரத்தில் மூதூரிலிருந்து என் மகள் போன் எடுத்தாள். அவள் கணவர் அங்கே எஞ்சின் போட்டில் கடலுக்குப் போய் மீன்பிடிக்கிறவர்.

“அப்பா, அவரு போட்டு நடுக்கடல்ல நின்னுருச்சாம்பா. காத்து வேற அடிக்குது. எனக்கு ஒண்ணும் ஓடலப்பா.”

நான் ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாற்று மேடைக் கங்காணி. மலையில் நின்றுகொண்டு கடலுக்கு என்ன செய்வது? பஸ் ஏறினேன். நான் போய்ச் சேர்வதற்குள் வேறு போட்டுக்காரர்கள் மாப்பிள்ளையை இழுத்து வந்திருந்தார்கள். அவரைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

“எஞ்சின் விசிறில இதுதான் மாமா சுத்திக்கிட்டிருந்துச்சு” என்று ஒரு பொலித்தீன் உருண்டையை நீட்டினார்.

பிரித்துப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனேன். தேயிலைக் கன்று வளர்க்கும் பைகள்! தண்ணீர் வடிய நாங்கள் குடைக்கம்பியைக் காய்ச்சிச் சுட்டு ஓட்டை போடுவோம். மற்றத் தோட்டங்களில் அதற்கு மெஷின் இருக்கிறது. சுட்ட ஓட்டையின் விளிம்பு உருகித் தடித்திருக்கும். இவற்றிலும் தடித்திருந்தது.

கன்று நடும்போது பையைக் கிழித்துக் கானில் எறிவது எங்கள் வழக்கம். மழைத் தண்ணீர் ஓட மலைச்சரிவில் வெட்டிய வாய்க்கால்தான் கான். அந்தத் தண்ணீர் பதுளை ஓயாவில் விழும், பிறகு மகாவலி, அப்புறம் மூதூர்க் கடல். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே!

திரும்பி வந்ததும் பைகளைத் தோட்டத்தை நடத்தும் துரையின் மேசையில் வைத்தேன்.

“இனிமே காலிப் பையக் கொண்டாந்தாத்தான் அடுத்த தட்டுக் கன்னு குடுப்பேங்க தொரை.”

“வேலை சுணங்குமே கங்காணி. எப்பவும் ஆறு கொண்டு போயிரும்தானே?”

“கொண்டு போயிருச்சுங்க. என் மாப்பிள்ளை போட்டுலதான் போய்ச் சுத்திருச்சு.”

துரை ஒரு பையை எடுத்துச் சுட்ட ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

வேலை சுணங்கத்தான் செய்தது. கன்று நடும் பெண்கள் என்னை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். கண்ணுக்கு மறைந்தால் குப்பை தொலைந்தது என்று நம்பிப் பழகியவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம் லேசில் போகவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தி பையைக் கானில் எறிந்தாள். என்னை அதிகம் ஏசிய செல்லம்மாதான் மேலேயிருந்து கத்தினாள்:

“அடியே, எட்றீ அத! கங்காணி மாப்பிள்ளை கடல்ல நிக்கிறாருடீ!”