கோவிந்தராசு, முதலாமாண்டு

2007-இல் அண்ணாமலை நகரில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டே, கல்லூரிக் கணினி மையத்தில் பகுதி நேரமாகப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். முதலாண்டு மாணவர்களுக்கு அடையாள அட்டை அச்சிடும் புரோகிராம் என் பொறுப்பு. சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு பெயர் வேண்டும். நான் எப்போதும் அப்பாவின் பெயரைத்தான் போடுவேன். அவர் சேத்தியாத்தோப்பில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஒரு நாள் பரீட்சைக்கு ஓடிய அவசரத்தில் அந்தப் பெயரை அழிக்க மறந்துவிட்டேன்.

திரும்பி வந்தால், மையத்தைப் பார்த்துக்கொள்ளும் மேடத்தின் கையில் ஓர் அட்டை. மற்ற அட்டைகளோடு அதுவும் அச்சாகியிருந்தது.

"யாரும்மா இந்த கோவிந்தராசு? போட்டோவே இல்ல."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். "எங்கப்பா மேடம்" என்றேன்.

அவர் அட்டையை என்னிடம் நீட்டினார். "கம்ப்யூட்டர்ல பேர அழிச்சிடு. இத வெட்டிப் போட எனக்கு மனசு வரல. ஊருக்குப் போறப்ப அவுங்ககிட்டயே குடுத்துடு."

சனிக்கிழமை கொடுத்தேன். அப்பா கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"எந்த வருசம்னு போட்டிருக்கு?"

"பர்ஸ்ட் இயர்ப்பா."

"அப்ப நீ எனக்கு சீனியரு."

அடுத்த முறை போனபோது அட்டை கடைச் சுவரில் தொங்கியது. காலிக் கட்டத்தில் அவருடைய போட்டோ. அதற்கென்றே ஸ்டுடியோவுக்குப் போனாராம், அம்மா சொன்னாள்.

இன்றும் எதைச் சோதித்தாலும் நான் போடும் முதல் பெயர் அதுதான். அழிக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்குகிறது.