மென்னோவின் மூன்று சுற்று

எங்கள் ஊரான தீட்மெர்ஸத்தில் யாராவது இறந்தால் அண்டை வீட்டுக்காரர்கள்தான் பெட்டியைத் தோளில் தூக்குவார்கள். தேவாலயத்தை மூன்று முறை சுற்றிய பிறகே குழிக்குப் போவார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழக வாசலை மிதித்தவன் நான், வரலாறு படித்தவன். அதனால் துணிந்து சொல்கிறேன்: கடல் ஊருக்குள் புகுந்த வருஷத்திலும் போரில் ஜெர்மன் பட்டாளம் தங்கிய வருஷங்களிலும் அந்தச் சுற்று நிற்கவில்லை. நிறுத்தப் பார்த்தது எரிவாயு.

நெதர்லாந்து முழுக்க அடுப்பெரிய எங்கள் வயலுக்கு அடியிலிருந்து வாயுவை உறிஞ்சினார்கள். நிலம் ஆடியது. முதலில் பிளந்தது பக்கத்து வீட்டு ஹில்யே அக்காவின் சமையலறைச் சுவர். பார்க்க வந்த அதிகாரிகள், "பழைய வீடு, அப்படித்தாம்மா இருக்கும்" என்றார்கள்.

"நானும் பழசுதான். எங்கயாவது விரிசல் தெரியுதா?" என்று கேட்டு அக்கா வாசலைக் காட்டினார்.

உருளைக்கிழங்கு விவசாயி அவர். ஞானஸ்நானமும் கல்யாணமும் அந்தத் தேவாலயத்தில்தான். சனிக்கிழமைதோறும் அதைக் கூட்டித் துடைப்பவரும் அவர்தான். கடவுளிடமே குரலை உயர்த்திப் பேசுவார் என்பார்கள்.

பிறகு தேவாலயத்தின் வடக்குச் சுவரும் பிளந்தது. நிலநடுக்கப் பாதுகாப்பு அலுவலகத்தார் வந்து சுவரைத் தாங்கச் சாய்வாக மரமுட்டுகள் நட்டார்கள், சுற்றுப்பாதைக்குக் குறுக்கே. அவர்கள் வரைபடத்தில் அது வெறும் புல்தரை. ஊரில் ஒருவரைக் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

மார்ச் மாதம் ஹில்யே அக்காவின் கணவர் மென்னோ இறந்தார். அடக்கத்துக்கு முந்தின நாள் அந்த அலுவலகத்து இளைஞர் ஒருவர் வந்தார்.

"அம்மா, முட்டு வரைக்கும் போயிட்டு அப்படியே திரும்பிடுங்களேன்."

"அதுக்குப் பேரு சுத்துறதா, தம்பி? உங்க ஊர்ல வட்டத்த பாதியிலயே நிறுத்திருவீங்களோ?"

பெட்டி தூக்கும் ஆறு பேரில் ஒருவனான ரெய்ந்த் சமாதானம் சொன்னான். "முட்டுக்கு அடியில இடம் இருக்குக்கா. கையில பிடிச்சுக்கிட்டு முட்டி போட்டுப் போயிரலாம்."

"உயிரோட இருந்தப்பவே இவங்க முன்னால அவரு குனியல. செத்தப்புறம் குனிய வைக்கப் போறியா?"

"அப்ப அகழியிலதான் இறங்கணும்," என்றான் ரெய்ந்த், விளையாட்டாக. தேவாலய மேட்டைச் சுற்றி, முட்டுகளின் காலடியிலேயே ஓடுகிறது அந்த அகழி. "குளிர் அண்ணனுக்குத் தெரியாது. நாமதான் சாவோம்."

அக்கா சிரிக்கவில்லை. "பூட்ஸ் போட்டுட்டு வந்துரு."

இறங்கினோம். மறுநாள் பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன். தொடை வரை பனித்தண்ணீர். சேறு காலைப் பிடித்து இழுத்தது. முட்டுகளைத் தாண்டிக் கரையேறினோம். அடுத்த சுற்றில் மறுபடி இறங்கினோம். ரெய்ந்துக்குக் கால் வழுக்கிப் பெட்டி சாய்ந்தது. கரையிலிருந்து அக்காவின் குரல் வந்தது: "நேராப் பிடிடா. அவருக்கு நீச்சல் தெரியாது."

மூன்று சுற்றும் முடித்தோம். அந்த இளைஞர் வேலியோரம் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்து ஊர் மண்டபத்தில் காபியும் கேக்கும். பகையாளி வந்தாலும் இழவுக்காபியை மறுப்பது எங்களிடம் கிடையாது. உடை சொட்டச் சொட்ட நின்ற எங்களுக்கு அக்காவே ஊற்றினார். இளைஞரும் கோப்பையை நீட்டினார். அக்கா கூஜாவை மூடினார்.

"பாதையத் தெறந்துட்டு வாங்க, தரேன்."

இளைஞர் வெறும் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

முட்டுகள் இன்னும் அங்கேயே நிற்கின்றன. மண்டபத்து அலமாரியில் இப்போது இடுப்பளவு மீன்பிடி பூட்ஸ் ஆறு ஜோடி இருக்கிறது. ஒவ்வொரு அடக்கத்துக்குப் பிறகும் சேறு போகக் கழுவி வைப்பவர் ஹில்யே அக்கா.