மாவாட்டும் நேரத்துப் பாட்டு

நோயாளிக்காகப் பாட நிறையப் பேர் இருக்கிறார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்கிற வீட்டுக்காரர்களுக்காக ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாராவாரம் போகிறவன் நான். வீட்டில் ஒருவரைப் படுக்கையில் வைத்துக்கொண்டு இதை வாசிக்கிறவர்களே, நீங்களும் காந்திமதி டீச்சர் செய்ததைத்தான் செய்திருப்பீர்கள்.

முதல் நாள்

டீச்சர் வீடு கல்லிடைக்குறிச்சியில். கணவர் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடம். அவரைப் புரட்டி, குளிப்பாட்டி, ஊட்டி, கடைசியில் டீச்சரே ரத்தக் கொதிப்பில் மயங்கி விழுந்தார். இந்த அம்மா தனக்கென்று ஒரு மணி நேரமாவது உட்காராவிட்டால் அடுத்த கட்டில் இவருக்குத்தான் என்று பயந்துபோய், மருத்துவர் என்னை அனுப்பினார்.

நான் போனதும் டீச்சர் கணவரை என் பக்கம் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். முதல் பாட்டிலேயே கணவர் குறட்டை. நானும் விடாமல் ஐந்து பாட்டுப் பாடினேன். வடையும் காப்பியுமாக டீச்சர் வெளியே வந்தபோது பெட்டியை மூடியிருந்தேன். பாட்டு உங்களுக்குத்தான் என்றேன். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கென்ன அண்ணாச்சி சீக்கு? அவுகல்லா கேக்கணும்!"

தெரு

அடுத்த வாரம் பிளாஸ்க்கில் காப்பியை நானே கொண்டுபோய் டீச்சரை உட்காரவைத்தேன். பள்ளியில் பிரார்த்தனைப் பாட்டு நடத்தியவர், இங்கே பாடச் சொன்னால் வாசலைப் பார்க்கிறார். வெளி ஆள் ஒருவன் உள்ளே இருக்கையில் கதவைச் சாத்தினால் அது இன்னும் மோசம். இரண்டு வருடமாக எட்டிப் பார்க்காத தெருவுக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. "அவுக இப்படிக் கிடக்கையில நான் பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தா நாலு பேரு என்ன பேசுவாக?"

பக்கவாத்தியம்

எனக்கா யோசனை வராது? மாவாட்டும் நேரத்துக்குப் போனேன். கிரைண்டரின் இரைச்சலுக்குப் பெட்டியைச் சுருதி சேர்த்தேன். டீச்சர் மாவைத் தள்ளிவிட்டபடி முணுமுணுத்தார். மூன்றாம் வாரம் வாய்விட்டே பாடினார். நான் போகாத நாட்களிலும் கிரைண்டரைப் போட்டுப் பாடத் தொடங்கினார். முகம் தெளிந்தது, தூக்கம் வந்தது. ஒரே ஒரு குறைதான். "எட்டு நாளா மூணு வேளையும் இட்லி அண்ணாச்சி. இட்லியைக் கண்டாலே அவுக முகத்தைத் திருப்பிக்கிடுதாக."

கரண்டு போன நாள்

ஒருநாள் டீச்சர் மேல்ஸ்தாயியில் பாடிக்கொண்டிருக்கும்போது கரண்டு போய்விட்டது. கிரைண்டர் நின்றது, டீச்சரின் குரல் மட்டும் தெருவரை போனது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். இனி இந்த அம்மா பாடவே மாட்டார் என்று நானும் பெட்டியை மூடப் போனேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இசக்கியம்மாள் பேசினார். படுத்த படுக்கையான மாமியாரைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவர். "நிப்பாட்டாதீய டீச்சர். ஒரு மாசமா உங்க பாட்டைக் கேட்டுக்கிட்டுத்தான் எங்க மாமியாளுக்குச் சோறு ஊட்டுதேன். இன்னைக்குத்தான் இரைச்சல் இல்லாம ஒழுங்காக் கேக்கு."

டீச்சர் அழுதுகொண்டே விட்ட அடியைப் பிடித்துப் பாடினார். கரண்டு வந்த பிறகும் கிரைண்டரைப் போடவில்லை.

பாட்டு வாத்தியார் இரண்டு மாதமாகத் தலைகீழாக நின்றும் முடியாததைப் பத்து நிமிட மின்வெட்டு முடித்துவிட்டது என்பதை, வேறு வழியில்லாமல், பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்கிறேன்.